பிரவுசர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

அக்காவின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் காலை. பதிவெண், பிறந்த தேதி இரண்டையும் தட்டியாயிற்று. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், தளத்தை அணுக முடியவில்லை என்று கையை விரிக்கிறது பிரவுசர். உடனே என்ன செய்வோம்? ரீலோட், ரீலோட், இன்னொரு ரீலோட்! அந்த விரலைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உங்கள் கணினி முதலில் அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் சர்வருக்கு ஒரு குட்டித் தகவல் பாக்கெட்டை அனுப்பி, "பேசலாமா?" என்று கேட்கும். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி 1 நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் சர்வர்கூட அரை நொடிக்குள் பதில் சொல்லிவிடலாம்.

பதிலே வராவிட்டால்? பாக்கெட் வழியில் தொலைந்திருக்கலாம். சர்வர் கூட்டத்தில் திணறிக்கொண்டிருக்கலாம். சர்வரே படுத்துவிட்டிருக்கலாம். நம் கணினியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்: வெறும் மௌனம். அதனால் கணினி 1 நொடி பார்த்துவிட்டு மறுபடி கேட்கும். பிறகு 2 நொடி, 4, 8, 16, 32, 64 என்று பொறுமையை இரட்டிப்பாக்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் நெடுங்காலம் இருந்த கணக்கு இது. கூட்டிப் பாருங்கள், 127 நொடி! சில பிரவுசர்கள் அதற்கு முன்பே கைவிட்டுவிடும்.

ஏன் நொடிக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று 40 பிட்டாகச் சரிந்தது. இன்றைய முறையில் 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கு 120 பிட் வேண்டும். அதாவது, அந்தச் சொல் போய்ச் சேரவே 3 நொடி! பதில் வரத் தாமதமானதும் கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலைப் பெருக்கியிருந்தன. கணினி ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து, நெரிசல் தெரிந்தால் வேகத்தைக் குறைத்து மெதுவாகத் தொடங்கும் முறைகளை 1988-இல் வெளியிட்டார். இன்றைய இணையத்தின் பொறுமைக்கு அவருடைய வேலை பெரிய காரணம்.

கணினிகள் கற்றுக்கொண்டுவிட்டன, நம் விரல்தான் பாக்கி. ஒவ்வொரு ரீலோடும் சர்வருக்குப் புதுக் கோரிக்கை. பழையதற்கு அது பாதி வேலை செய்திருந்தாலும் வீண்.

கணினியில் குரோம் இருந்தால் டேபில் சுற்றும் வட்டத்தைக் கவனியுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். தகவல் வரத் தொடங்கியதும் திசை மாறும். மாறிவிட்டால் தொடாதீர்கள். '504' என்று வந்தால், முன்னால் நிற்கும் சர்வர் பதில் சொல்லிவிட்டது, பின்னால் இருப்பதுதான் நேரத்துக்கு வரவில்லை. சில நிமிடம் கழித்துப் பாருங்கள்.

பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பணம் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மறுபடி அழுத்துவதற்கு முன், வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று அப்பாவையோ அம்மாவையோ பார்க்கச் சொல்லுங்கள்.