தூக்கியும் தாங்கியும்

தேக்கா என்னும் பெயர் மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் தொடரிலிருந்து பிறந்தது. மலாய்க்காரர் அவ்விடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என வழங்கினர். பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் எருமையின் பெயரால் அமைந்தவை. பெலிலியோஸ் சாலை 19ஆம் நூற்றாண்டில் அங்கே கால்நடை வாணிகம் நடத்தியவர் ஒருவரின் பெயரால் அமைந்தது. மாடும் வண்டியும் மிகுந்த இடத்தில் அச்சு முறிவதும் சக்கரம் கழற்றுவதும் இருந்தே தீரும்.

வண்டி வழியில் பழுதுபடும் என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்தனர். உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதனைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். காரின் பின்பெட்டியில் கிடக்கும் மாற்றுச் சக்கரம் அதன் வழித்தோன்றல் எனலாம். ஆனால், பாரம் ஏற்றிய வண்டியைத் தூக்கி நிறுத்தாமல் அச்சை மாற்ற இயலாது. அந்தத் தொல்லைக்குப் பாட்டில் இடமில்லை.

சிங்கப்பூருக்கு மோட்டார் வண்டி 1896இல் வந்தது. அதனைத் தூக்கும் கருவியை மக்கள் ஜாக்கி என்றே வழங்குகின்றனர். தூக்கியபின் அடியில் நிறுத்தும் முக்காலி போன்ற இரும்புக் கருவி ஜாக் ஸ்டாண்டு. முன்னதைத் தூக்கி என்றும் பின்னதைத் தாங்கி என்றும் தமிழில் சொன்னால், உயிர் காக்கும் வேறுபாடு பெயரிலேயே விளங்கிவிடும். தூக்குவது ஒரு செயல். தாங்குவது ஒரு நிலை.

தமிழ்நாட்டுப் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல்லைக் கண்டவர்க்கு இது புதிதன்று. இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையை இறக்கி இளைப்பாறுவர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதனை நடும் வழக்கம் இருந்தது. மனிதனின் கழுத்து சிறிது நேரமே சுமக்கும். கல் எவ்வளவு நேரமும் சுமக்கும். ஜாக்கி கழுத்தைப் போன்றது. தாங்கி கல்லைப் போன்றது.

ஜாக்கி களைப்பது எவ்வாறு? எண்ணெயால் இயங்கும் ஜாக்கியில் சிறிய உருளையில் தரும் அழுத்தம் பெரிய உருளைக்கும் அப்படியே பரவுகிறது. இது பாஸ்கல் கண்ட விதி. பிராமா என்பவர் 1795இல் இதனைக் கொண்டு அழுத்து எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1 சதுர செ.மீ. பரப்பில் 10 கிலோ எடையளவு அழுத்தினால், 20 சதுர செ.மீ. பரப்பு 200 கிலோவைத் தூக்கும். ஆனால் சிறியது 20 செ.மீ. இறங்கினால்தான் பெரியது 1 செ.மீ. ஏறும். இவ்வளவு சுமையையும் அடைத்து நிறுத்துவன ஒரு சிறு அடைப்பிதழும் ரப்பர் வளையமுமே. வளையம் தேய்ந்து எண்ணெய் கசிந்தால், ஓசையின்றி வண்டி இறங்கும். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டியின் கீழ் ஒருவர் படுத்திருக்கும் வேளையில் அது நிகழ்ந்தால் எழுந்து ஓட நேரம் இராது. எனவே, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கையைக்கூட நீட்டலாகாது. காரோடு வரும் திருகு ஜாக்கியும் சக்கரம் மாற்றுவதற்கே உரியது. செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் தாங்கியாகா. அவை முன்னறிவிப்பின்றி உடையும்.

அடுக்குமாடி வாழ்க்கையில் வீட்டு முற்றம் என்பது பெரும்பாலும் பொது நிறுத்துமிடமே. அங்கே பழுது பார்க்க அனுமதி உண்டா என்று முதலில் அறிதல் வேண்டும். அடுத்தது தரை. அது சமமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். உச்சிவெயிலில் இளகிய தாரில் தாங்கியின் கால்கள் புதையும். அகன்ற தடித்த பலகை ஒன்றை அடியில் இடுவது நல்லது.

பின்னர் முட்டுக்கட்டை. தேரோட்டத்தில் சக்கரத்தடியில் கட்டையிட்டுத் தேரைத் திருப்புவோரும் நிறுத்துவோரும் செய்யும் வேலை எளிதன்று. பல உயிர்கள் அவர்கள் கையில். அச்சொல் செய்தித்தாள்களில் இடையூறு என்னும் பொருளுக்குத் தேய்ந்துபோனது இரங்கத்தக்கது. காரிலும் அதன் வேலை அதுவே. கைப்பிரேக்கு பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கும். பின்பக்கம் முழுதும் உயர்ந்துவிட்டால் அப்பிடி வீணாகும். ஆகவே பின்பக்கத்தைத் தூக்குமுன் முன்சக்கரங்களின் இருபுறமும் கட்டை வைப்பர்; முன்பக்கத்தைத் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு வைப்பர்.

சக்கரத்தைக் கழற்றுவதாயின், அது தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துதல் வேண்டும். கையேட்டில் காட்டிய இடத்திலேயே தூக்குதல் வேண்டும். வேறிடத்தில் தூக்கினால் தகடு நசுங்கும், வண்டி நழுவும். உயர்ந்ததும் வலுவான சட்டத்தின் கீழ்த் தாங்கிகளை இருபுறமும் ஒரே உயரத்தில் நிறுத்தி, மெல்ல இறக்கிச் சுமையை அவற்றின்மேல் அமர்த்துவர். பின்பு பக்கத்தில் நின்று வண்டியை அசைத்துப் பார்ப்பர். ஆடினால் மறுபடியும் தொடங்க வேண்டியதே. கழற்றிய சக்கரத்தைப் பக்கச் சட்டத்தின் கீழே படுக்க வைப்பது இரண்டாம் காவல்.

இறக்குமுன் ஜாக்கியால் சிறிது உயர்த்தித் தாங்கிகளை விலக்குவர். சக்கரம் தரையில் அழுந்திய பின்னரே நட்டுகளை முழுவதும் இறுக்குவர். முட்டுக்கட்டைகளை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.