எலும்பு முறிந்தவருக்கு என்ன ஊட்டுவது?

கம்பம் பள்ளத்தாக்கில் தென்னை ஏறுவோரும், ஏலத்தோட்ட வேலைக்காக ஜீப்பில் மலையேறுவோரும், குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்களும் எலும்பு முறிந்து படுப்பது அரிதன்று. செய்தி எட்டியவுடன் நம் இல்லங்களில் ஆட்டுக்கால் பாயாவும் எலும்புச் சூப்பும் அடுப்பேறுகின்றன. அதே வேளையில், "புண்ணுக்கு ஆகாது" என்று முட்டையும் மீனும் பருப்பும் நோயாளியின் தட்டிலிருந்து விலக்கப்படுகின்றன. முன்னது அளவு மீறிய நம்பிக்கை. பின்னது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

எலும்பு கூடும் விதம்

முறிவை நேராக்கி அசையாமல் வைப்பதே முதல் மருந்து. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் உணவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் மென்மையான இணைப்புத் தோன்றுகிறது. பின்னர் அதில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் படிந்து இறுகுகிறது. கை எலும்பு கூடப் பொதுவாக 6 முதல் 8 வாரங்களும், கால் எலும்பு கூட 12 வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

எலும்பு வெறும் சுண்ணாம்பன்று. புரதத்தாலான வலையின் மீதே கால்சியம் படிகிறது. வலையே இல்லாதபோது சுண்ணாம்பு எதில் ஒட்டும்? ஆகவே முட்டை, மீன், இறைச்சி, பருப்பு, சுண்டல் ஆகியவற்றை விலக்குவது எலும்பின் அடித்தளத்தையே பறிப்பதாகும்.

சூப்பும் பாலும்

எலும்பிலுள்ள கால்சியம் கொதிநீரில் மிகச் சிறிதளவே கரைகிறது. சூப் பசியைத் தூண்டும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதையே உணவாக்கிவிடாதீர்கள்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் தேவை, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. இரண்டு தம்ளர் பாலில் ஏறத்தாழ 480 மி.கி. உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. உண்டு; முளைகட்டினால் உடல் அதை மேலும் நன்றாக ஏற்கும். இவற்றோடு ஒரு கிண்ணம் தயிரும் முருங்கைக்கீரையும் சேர்ந்தால் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடும். புரத வலையைப் பின்ன வைட்டமின் 'சி' வேண்டும். அதற்குக் கொய்யாவும் நெல்லிக்காயும் போதும்.

பிரண்டையும் மாத்திரையும்

வேலியோரப் பிரண்டையை நம் முன்னோர் எலும்பு ஒட்டி என்று போற்றினர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பா, பிரசாத் ஆகிய மருத்துவர்கள் 1960-களில் விலங்குகளிடம் இதனை ஆராய்ந்து நற்பலன் கண்டனர். மனிதரிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. ஆகவே புளி சேர்த்து வதக்கிய பிரண்டைத் துவையலை உண்ணலாம். சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ளலாகாது.

விலையுயர்ந்த சத்து மாவு டப்பாக்களுக்குச் செலவிடும் பணத்தில் பல நாட்களுக்கு முட்டையும் பாலும் வாங்கலாம். கால்சியம் மாத்திரையை மருத்துவர் கூறிய அளவில் மட்டும் கொடுங்கள். மிகுந்தால் சிறுநீரகக் கல் உண்டாகக்கூடும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் 'டி' தேவை. வீட்டிற்குள்ளேயே இருக்கும் நம் பெண்களுக்கு இச்சத்து குறைவது இயல்பு. முற்றத்திலோ மறைப்புள்ள மாடியிலோ முகத்திலும் கைகளிலும் சிறிது நேரம் வெயில் படட்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை.

பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் அவ்வாறே.

நோன்பு வந்தால்?

முறிவுற்ற பெரியவர்கள் சிலர் ரமலானில் நோன்பை விட மனமின்றி மருந்தையும் உணவையும் தள்ளிவைக்கின்றனர். நோயாளி நோன்பை ஒத்திவைத்துப் பின்னர் நிறைவேற்றலாம் என்னும் சலுகையைத் திருமறையின் இரண்டாம் அத்தியாயமே வழங்குகிறது. மருத்துவரையும் ஆலிமையும் கலந்து முடிவு செய்யுங்கள்.

சகோதரிகளே! இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டி பசியின்மையால் ஒரு வாய்க் கஞ்சியோடு நிறுத்திவிடுவார். அவரிடம், "என்ன வேண்டும்?" என்று கேட்டுக் காத்திராமல், சிறுகச் சிறுக ஐந்தாறு வேளை ஊட்டுங்கள். அவர் மீண்டும் எழுந்து நடப்பது மருத்துவரின் கையில் எவ்வளவு உள்ளதோ, அவ்வளவு உங்கள் அடுக்களையிலும் உள்ளது.