விலைப்பலகை வாங்குமுன் உள்ளே உள்ள சிப் எது என்று கேளுங்கள்

முட்டை, தேங்காய், எண்ணெய் விலையைச் சாக்பீஸால் எழுதி வைத்த இடத்தில் இன்று பல கடைகளில் சிவப்பாக எரியும் எல்.இ.டி. பலகைகளைக் காண்கிறோம். உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகளும் பாலிடெக்னிக் மாணவர்களும் இவற்றைச் செய்து தருகிறார்கள். ஒரே அளவுள்ள பலகைக்கு இருவர் இரண்டு விலை சொல்லும்போது, குறைந்த விலையையே நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் எண்களை எரியவைக்கும் சிப் எது என்று கேட்பதில்லை. பலகை எத்தனை நாள் உழைக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

மலிவான பலகைகளில் காணப்படுவது 74எச்.சி.595 என்னும் ஷிப்ட் ரிஜிஸ்டர். லாரியிலிருந்து குடோனுக்கு மூட்டை கைமாறிப் போவதுபோல, எந்த விளக்கு எரிய வேண்டும் என்ற தகவல் இதனுள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போகும். எட்டும் இடத்தில் சேர்ந்தபின் ஒரே நேரத்தில் வெளியே காட்டும். மூன்று ஒயர் போதும். எத்தனை சிப் வேண்டுமானாலும் வரிசையாகக் கோக்கலாம். பல கம்பெனிகள் தயாரிப்பதால் சுலபமாகவும் கிடைக்கும்.

குறை எங்கே என்றால், இது தகவலை நகர்த்தவே செய்யப்பட்டது. சுமை தாங்க அல்ல. சிப் முழுவதற்குமான உச்ச வரம்பு 70 மில்லி ஆம்பியர். ஒரு கோட்டுக்கு 20 மில்லி ஆம்பியர் கொடுத்தால், '1' என்ற எண்ணில் 2 கோடுகளுக்கு 40 ஆகும்; தாங்கும். '8' காட்டினால் 7 கோடுகளுக்கு 140. வரம்பைப்போல் இரு மடங்கு! சிப் சூடாகி, நாளடைவில் கோடுகள் ஒவ்வொன்றாக அணையும். மேலும் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். 4 எண்ணுக்கு 28. செலவை மிச்சம் பிடிக்க எண்ணுக்கு ஒரே ரெசிஸ்டர் போடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் '1' பளிச்சென்றும் '8' மங்கலாகவும் தெரியும். வாங்கும்போது இவ்விரு எண்களையும் அடுத்தடுத்து எரியவிட்டுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அடுத்தது மேக்ஸ் 7219 என்னும் டிரைவர் சிப். ஒரு சிப்பே 8 எண்களைக் கவனித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர்தான்; வெளிச்சத்தை 16 படிகளில் கூட்டிக் குறைக்கலாம். பில் போடும் இடத்தில் மொத்தத் தொகை காட்டவும், டோக்கன் எண் காட்டவும் இதைவிடச் சௌகரியமானது இல்லை. ஆனால் இது எண்களை முறை வைத்து மாற்றி மாற்றி எரியவைக்கிறது. வேகத்தினால் கண்ணுக்குத் தெரியாது. செல்போனில் படமெடுத்தால் சில சமயம் ஓர் எண் விடுபட்டிருக்கும். ஒவ்வொரு எண்ணும் கொஞ்ச நேரமே எரிவதால் மதிய வெயிலில் எடுபடாது. 5 வோல்ட்டில் இயங்குவதால், ஒரு கோட்டில் நான்கு எல்.இ.டி. தொடராக வரும் பெரிய எண்களை நேரடியாக எரியவைக்கவும் முடியாது.

ஆகவே கடை வாசலில் மாட்டும் பெரிய பலகைக்கு இவ்விரண்டுமே ஏற்றவை அல்ல என்பது நமது கருத்து. அதற்கு டி.பி.ஐ.சி.6பி595 என்ற பவர் ஷிப்ட் ரிஜிஸ்டர் இருக்கிறது. தகவல் நகரும் முறை பழைய 595 போலவேதான். ஆனால் ஒவ்வொரு காலும் 150 மில்லி ஆம்பியரும், 50 வோல்ட்டும் தாங்கும். சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட் வீதம் நான்குக்கு 8 போக, 12 வோல்ட் சப்ளையில் மீதி 4 வோல்ட்டுக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 18 மில்லி ஆம்பியர் ஓடும். 4 எண் பலகை முழுவதும் எரிந்தாலும் அரை ஆம்பியர் அளவே. 12 வோல்ட் 1 ஆம்பியர் சப்ளை தாராளம்.

சிப் எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எண் விளக்கு பழுதாகி மாற்ற நேர்ந்தால், 7219 பலகைக்குக் காமன் கேத்தோடு வகையும், 6பி595 பலகைக்குக் காமன் ஆனோடு வகையும் கேட்டு வாங்க வேண்டும். மாற்றிப் போட்டால் எரியாது.