மூன்று விநாடிக் கூச்சல்

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு மாலை. மனைவியுடன் வழமைபோல் உலாவச் சென்றிருந்தேன். பின்னால் வந்த கார் ஒன்று வேகத்தைக் குறைத்தது. கண்ணாடி இறங்கியது. "அவுஸ்லென்டர் றவுஸ்!" என்று ஓர் இளைஞன் கத்தினான். வெளிநாட்டவரே, வெளியேறுங்கள் என்று பொருள். உள்ளே சிரிப்பொலி. கார் பறந்துவிட்டது. மூன்று விநாடிகூட இராது.

பதினைந்து வயதில் அகதியாக வந்து, இங்கேயே படித்து, இம்மக்களுக்கு வைத்தியம் செய்து வருபவன் நான். பழக்கதோஷத்தால் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 112.

இது கோழைத்தனமல்ல. ஆபத்தென்று உணர்ந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ஈரல் தன் சேமிப்பிலுள்ள சீனியை இரத்தத்தில் விடுகிறது. எல்லாம் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ. சற்று நேரத்தில் உடம்பு தணிந்துவிடும். மனந்தான் தணிய மறுக்கிறது.

அப்படி அஞ்சுவதற்குக் காரணமும் உண்டு. 2007 ஆகஸ்ட் மாதம் சாக்சன் மாநிலத்தின் மியூகெல்ன் என்ற சிற்றூரில், நகர விழாவின்போது, எட்டு இந்தியர்களை இதே முழக்கத்துடன் ஒரு கும்பல் துரத்தித் தாக்கியது. அவர்கள் ஓர் உணவகத்துள் தஞ்சம் புகுந்தனர்.

ஆனால் கூச்சலைவிட, அதன்பின் நாம் கைவிடுவதே பெரிய நட்டம். என்னிடம் வரும் தாயார் ஒருவருக்குச் சீனி வருத்தம். நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது, ஏறத் தொடங்கியது. மருந்தை விசாரித்தேன், சாப்பாட்டை விசாரித்தேன். கடைசியில் சொன்னார்: "காரிலை இருந்து கத்தினாங்கள். அண்டைக்குப் பிறகு நான் நடக்கப் போறேல்லை, டொக்டர். பிள்ளையளுக்கும் சொல்லேல்லை."

தெற்காசியரான நமக்கு நீரிழிவு ஐரோப்பியரைவிட இளவயதிலேயே, குறைந்த எடையிலேயே வருகிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது விறுவிறுப்பாக நடப்பதுபோன்ற உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடையை நிறுத்தினால் கத்தியவனுக்கு ஒன்றுமில்லை, நமக்குத்தான் நோய்.

ஆகவே அன்பர்களே, சில யோசனைகள். பதிலுக்குக் கத்த வேண்டாம். விரலைக் காட்டவும் வேண்டாம். அப்படிக் காட்டினால் நம்மீதே வழக்கு வரலாம். கார் போகும் திசைக்கு எதிராகத் திரும்பி நடவுங்கள். இலக்கத்தகடு, நேரம், இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள். கண்டவர்களிடம் பெயரைக் கேளுங்கள். கார் திரும்பி வந்தால் 110 இலக்கத்தை அழையுங்கள்.

ஜேர்மனியக் குற்றவியல் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி ஒருவரை இழிவுபடுத்துவது தண்டனைக்குரியது: அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, பகிரங்கமாகச் செய்தால் இரண்டாண்டு வரை. முறைப்பாட்டை எந்தப் பொலிஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். இக்குற்றத்துக்குத் தண்டனை கோரும் விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். இனவெறி நோக்கத்தைத் தண்டனை விதிக்கும்போது கவனிக்க வேண்டும் என்றும் 2015 முதல் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

அன்று எதிர்ப்பக்கம் நாயுடன் வந்த ஜேர்மானிய மூதாட்டி ஒருவர் வீதியைக் கடந்து வந்து, காரின் இலக்கத்தைச் சொன்னார். "சாட்சி சொல்ல நான் வருகிறேன்" என்றார். கத்தியவனை மட்டுமே நினைவில் வைத்திருப்பது இவருக்குச் செய்யும் அநீதி.

வீடு திரும்பிப் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னோம். அவர்களோ, தங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது, நாங்கள் வருந்துவோம் என்று சொல்லவில்லை என்றார்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மௌனம்! உங்கள் வீட்டிலும் இன்று கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தாயார் இப்போது அயலிலுள்ள இருவருடன் சேர்ந்து நடக்கிறார். நாங்களும் மறுநாள் அதே வீதியால்தான் நடந்தோம்.