வெற்றிலை எண்ணிய கை

நோட்டு எண்ணுவதற்கு முன்னால் நான் வெற்றிலை எண்ணியவன். வேலூர் கந்தசாமிக் கண்டர் பள்ளியில் படித்த நாட்களில், சாயங்காலம் பையை வைத்ததும் திண்ணையில் அப்பாருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். நூறு இலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை. ஒரு இலை குறைந்தாலும் பேர் கெட்டுப்போகும் என்பார். விரல் நுனியெல்லாம் பச்சையாகிவிடும். மறுநாள் பரீட்சைத் தாளிலும் அந்தக் கறை இருக்கும்.

ராஜவாய்க்கால் தண்ணீர். கொடி ஏற அகத்தி, அகத்தித் தழை ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை கொடிக்காலுக்கு. வருஷம் ஒருதரம் வயலில் பட்டி போடுவார்கள். கடையில் வாங்கியது என்றால் புண்ணாக்கு மட்டும்தான்.

1982-இல் வங்கியில் எழுத்தர் வேலை. கேஷ் கவுண்டரில் என் வேகத்தைப் பார்த்து மேனேஜர் அசந்துபோனார். கவுளிக் கணக்கு என்று நான் சொல்லவில்லை! அப்புறம் பயிர்க்கடன் மேஜைக்கு மாற்றினார்கள். சிட்டா, அடங்கல், பாக்கியில்லை என்ற சான்று எல்லாம் பார்த்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று போடுவோம். ஒரு பங்கு ரொக்கமாகக் கைக்கு வரும். உரத்துக்கான பங்கு நேராக உரக்கடைக்குப் போய்விடும்.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். "ஏனுங்க தம்பி, காட்டுல பட்டி போட்டாச்சுங்க. அந்த உரக்காசையும் கையிலயே குடுத்துட்டா ஆட்டுக்காரனுக்கு ஆகும்" என்றார்.

"ஆட்டுக்காரர் பில் குடுப்பாருங்களா?" என்று கேட்டேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உர மூட்டைகளை வாங்கிய கடையிலேயே விலை குறைத்துத் திருப்பிக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வட்டி மட்டும் முழுத் தொகைக்கு. அதைக் கணக்குப் போட்டவனும் நான்தான்.

நம்மாழ்வார் ஐயாவுக்கும் முதல் வேலை உரத்தோடுதான். 1963-இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் ரசாயன உரம் போட்டுச் சோதித்தார். மானாவாரி விவசாயிக்கு இதனால் பயனில்லை என்று பட்டதும் வேலையை விட்டுவிட்டார். எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. பென்ஷன் வரைக்கும் இருந்தேன்.

2020-இல் திரும்பி வந்தபோது, குத்தகைக்கு விட்டிருந்த எங்கள் நிலத்தில் மண்வெட்டி இறங்கவில்லை. மண்புழுவும் இல்லை. பட்டி போட ஆடு தேடியே மூன்று மாதம் போனது. கடைசியில் 200 ஆடு, ஐந்து ராத்திரி. பணத்தை எண்ணிக் கொடுத்தபோது ஆட்டுக்காரர், "ரசீது ஏதும் வேணுங்களா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுத்ததும் மடக்கி உழுது, பூவன் வாழை வைத்தேன். முதல் வருஷம் தார் சிறுத்துவிட்டது; வேலூர் ஏலத்தில் போட்ட செலவுகூட வரவில்லை. எனக்குப் பென்ஷன் இருந்தது, தாங்கினேன். கடன் வாங்கி இறங்குகிறவர்கள் மொத்தக் காட்டையும் ஒரே வருஷத்தில் மாற்ற வேண்டாம், அரை ஏக்கரில் தொடங்குங்கள். இரண்டாம் வருஷம் தார் தேறியது, மண்ணும் பொலபொலத்தது.

இந்த வருஷம் வாய்க்கால் ஓரம் பத்து சென்ட்டில் அகத்தி ஊன்றியிருக்கிறேன். மருந்தடிக்காத தோட்டத்து வெள்ளைக்கொடி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.