வெயிலில் நீளும் பலகை: கடை முகப்பில் நான் கற்ற பாடம்

கடைக்கு முகப்பு அழகு எவ்வளவு முக்கியம் என்பது வர்த்தகர்களாகிய நாம் அனைவரும் அறிந்த விடயமே. காத்தான்குடியிலுள்ள எனது புடவைக் கடை மேற்குப் பார்த்தது. அதற்குக் கடுஞ்சாம்பல் நிறத்தில் அலுமினியப் பலகை அடித்தேன். பலகைகளுக்கிடையில் அரை அங்குல இடைவெளி விடவேண்டும் என்றார் வேலைக்கு வந்த பாஸ். "அது வடிவில்லை பாஸ், ஒட்டிப் போடுங்கள்" என்று சொன்னவன் நான்தான்.

முதல் சித்திரை வெயிலிலேயே பலகைகள் வயிறு தள்ளி நின்றன. மூன்றாம் வருடம் சிலிக்கன் கிழிந்து, ஆணித் துளைகள் பெருத்து, ஒருநாள் அடித்த காற்றில் ஒரு பலகை கழன்று நடைபாதைக்கு மேல் தொங்கியது. நல்லவேளையாகக் கீழே எவரும் நிற்கவில்லை.

காரணம் எளிய கணக்குத்தான். ஒரு மீற்றர் அலுமினியப் பலகை 100 பாகை வெப்பம் கூடினால் ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர் நீளும். காலையில் 25 பாகையில் இருக்கும் மூன்று மீற்றர்ப் பலகை பின்னேர வெயிலில் 65 பாகைக்குச் சூடேறினால் சுமார் 3 மில்லிமீற்றர் வளர்ந்துவிடும். கொங்கிறீற் நீளுவது அதில் பாதியளவே. அத்தோடு பின்னாலுள்ள சுவர் அந்தளவு சூடாவதுமில்லை. இரு பக்கமும் இறுக்கிய பலகைக்குப் போக இடமில்லாததால் அது வெளியே புடைக்கிறது. திடீர் மழையில் மீண்டும் சுருங்குகிறது. தினமும் இதே இழுபறி நடந்தால் எந்த ஆணிதான் தாங்கும்?

இது சிறு கடைகளின் பிரச்சினை மட்டுமல்ல. சிக்காகோவில் 1973இல் கட்டி முடிக்கப்பட்ட 83 மாடி அமோகோ கட்டடம் மெல்லிய இத்தாலிய மாபிள் கற்களால் போர்த்தப்பட்டிருந்தது. வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கியதில் கற்கள் வளைந்தன. 1990 முதல் 1992 வரை அத்தனையையும் கழற்றிக் கருங்கல் பதித்தார்கள். செலவு எட்டுக் கோடி டொலருக்கும் அதிகம்.

நானும் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி அடித்தேன். இம்முறை இடைவெளி விட்டு, அதை நெகிழும் சிலிக்கனால் நிரப்பினோம். ஒரு முனையை இறுக்கி, மற்ற ஆணிகளுக்கு நீள் துளை வைத்தோம். நிறத்தையும் வெளிறியதாக மாற்றினேன், அது குறைவாகவே சூடேறும். அரை அங்குலத்தை மிச்சம் பிடிக்கப்போய் முகப்புக்கு இரு தடவை பணம் கட்டியவன் நான். உங்கள் பாஸ் இடைவெளி கேட்டால் மறுக்காமல் கொடுத்துவிடுங்கள்.