திரை மாறிய கதை - 9: கேபிளுக்கு ஒரு சட்டம், போனுக்கு?

ஐ.பி.எல். சமயத்தில் மதுரைப் பக்கத்து டி. கல்லுப்பட்டி டீக்கடைகளில் ஒரு வேடிக்கை நடக்கும். கடைக்குள் டி.வி.யில் கேபிள் வழியாக மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே பெஞ்சில் பையன்கள் அதே மேட்ச்சைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளேயிருந்து "அவுட்டு!" என்று சத்தம் வரும். வெளியே போனில் பவுலர் இன்னும் ஓடி வந்துகொண்டிருப்பார். "அண்ணே, சொல்லாதீங்கண்ணே!" என்று ஒருவன் கெஞ்சுவான். "பெரிய டி.வி. இருக்கைல அந்த உள்ளங்கையில என்னத்தடா பாக்குறீங்க?" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

காரணம் எளிது. கேபிளில் படம் நிற்காமல் ஓடுகிறது. போனுக்கு வரும் படத்தையோ சில நொடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் பல தரத்தில் தயாரித்து, சர்வர்களில் ஏற்றி வைக்கிறார்கள். சிக்னல் தடுமாறினாலும் படம் நிற்கக் கூடாது என்று போன் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்குகிறது. அந்தச் சேமிப்புதான் தாமதம்.

இந்த ஊர் மொட்டை மாடிகளில் ஒரு காலத்தில் ஆன்டெனாக்கள் எல்லாம் வடமேற்கே கொடைக்கானல் மலையைப் பார்த்து நின்றன. காற்றடித்தால் ஒருவர் மாடிக்கு ஏறித் திருப்புவார். கீழேயிருந்து "இப்பத் தெரியுது, அப்படியே விடு" என்று குரல் கொடுப்பார்கள். பார்ப்பது தூர்தர்ஷன். ஒளிபரப்புக்குப் பணம் வாங்குவதும் தூர்தர்ஷன்தான். இன்றைக்கு இதை நம்புவது கடினம். 1993இல் கொல்கத்தாவின் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையை நடத்தியபோது, மேட்ச்சைக் காட்ட ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் சங்கம்தான் தர வேண்டும் என்றது தூர்தர்ஷன். சங்கம் வெளிநாட்டு நிறுவனமான டி.டபிள்யூ.ஐ.க்கு உரிமையைக் கொடுத்துவிட்டது. அரசு முட்டுக்கட்டை போட்டது, வழக்கு நீதிமன்றம் ஏறியது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான அரையிறுதியில் கடைசி ஓவரை டெண்டுல்கர் வீசி ஜெயித்துக் கொடுத்தாரே, அது இந்தக் கோப்பையில்தான்.

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அலைக்கற்றை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல. தனியார் சேனல்களுக்குச் சட்டத்தின் கதவு திறந்தது இப்படித்தான். ஆனால் பொதுச் சொத்து என்ற பாதி சீக்கிரமே மறந்துபோனது. கட்டண சேனல் இல்லாத வீட்டுக்கு மேட்ச் இல்லை என்றாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட 2007இல் ஒரு சட்டம் வந்தது. தேச முக்கியத்துவம் உள்ள போட்டிகளைக் கேபிளிலோ டி.டி.எச்.சிலோ நேரலையாகக் காட்டுபவர்கள், அந்த சிக்னலைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும். விளம்பர வருமானத்தில் உரிமையாளருக்கு 75, பிரசார் பாரதிக்கு 25.

சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். கேபிள் இருக்கிறது, டி.டி.எச். இருக்கிறது; போன் அதில் இல்லை. 2007இல் யார் போனில் மேட்ச் பார்த்தார்கள்? போதாததற்கு, இந்த சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன் இலவச டிஷ்ஷிலும்தான் காட்டலாம், கேபிள்காரர்கள் வழியாகக் காட்டக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தரைவழி கோபுரங்களையும் 2022க்குள் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். மிச்சம் இலவச டிஷ் மட்டும். ஐ.பி.எல். இந்தப் பட்டியலிலேயே கிடையாது.

பணம் போன திசையைப் பாருங்கள். 2015 முதல் மூன்று வருட ஐ.பி.எல். டிஜிட்டல் உரிமை 302 கோடி ரூபாய்க்குப் போனது. 2023 முதல் ஐந்து வருடத்துக்கு, இந்தியாவுக்கான டிஜிட்டல் உரிமை மட்டும் 20,500 கோடி. வாங்கியது ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18. டி.வி. உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு 23,575 கோடி. முதல் வருடம் வயாகாம்18இன் ஜியோசினிமா ஆப்பில் எல்லாம் இலவசம், தமிழ் வர்ணனையும் சேர்த்து. மழையால் தள்ளிப்போன அந்த இறுதி ஆட்டத்தில், நள்ளிரவு தாண்டி ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்ததைப் பாதித் தமிழ்நாடு படுத்துக்கொண்டே பார்த்தது. பிறகு ரிலையன்ஸின் ஊடகத் தொழிலும் டிஸ்னியின் இந்திய ஊடகத் தொழிலும் ஒன்றாயின. 2025 பிப்ரவரி 14இல் ஜியோஹாட்ஸ்டார் பிறந்தது. தொடக்கத் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய். பழக்கிவிட்டுப் பிறகு விலை சொல்வது வியாபாரத்தில் புதிதல்ல.

149 பெரிய தொகையா என்று கேட்கலாம். 2011இல் அரசு கேபிள் வீட்டுக்கே மாதம் 70 ரூபாய் என்றுதான் கொண்டுவந்தார்கள். 2006க்குப் பின் வந்த இலவச கலர் டி.வி.யை ஒரு குடும்பமே சுற்றி உட்கார்ந்து பார்த்தது. போன் ஆளுக்கு ஒன்று, ரீசார்ஜும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டு நாலு பேர் பார்ப்பது இந்தக் கணக்கை ஊர் தானாகச் சரிசெய்துகொண்ட வழி. நன்மையும் இல்லாமல் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு சீரியலா மேட்ச்சா என்று வீட்டுக்கு வீடு நடந்த ரிமோட் சண்டை ஓய்ந்தது. டி.வி. அம்மாக்கள் கைக்குத் திரும்பியது. இது அவர்களுக்கு நியாயமாகவே வர வேண்டியது.

எனக்குப் பிடிபடாதது ஒன்றுதான். போனுக்கு மேட்ச் வருவதும் அலைக்கற்றையில்தான். அரசு ஏலம் விட்ட அதே அலைக்கற்றை, 1995இல் பொதுச் சொத்து என்று சொன்ன அதே அலைக்கற்றை. டிஷ் வழியாக வந்தால் பங்கு கேட்கும் சட்டம், டவர் வழியாக வந்தால் ஏன் வாய் திறப்பதில்லை? அடுத்த ஒளிபரப்புச் சட்டம் எழுதுகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

இதற்கிடையே உரிமை, ஏலம் எதுவும் இல்லாமல் இன்னொரு நேரலை மதுரைப் பக்கம் வளர்ந்துவிட்டது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை டி.வி. சேனல்களே யூடியூபிலும் விடுகின்றன. கிராமத்துக் கபடிக்குக் கல்யாண வீடியோ எடுக்கிறவரே வந்து கேமராவை நிறுத்துகிறார். திரையின் மூலையில் ஸ்கோர், கீழே உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரம். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் "நம்ம டீம் எப்ப இறங்குது?" என்று கமென்ட்டில் கேட்கிறார்கள். ரைடு போனவர் யார் வீட்டுப் பையன் என்று வர்ணனையாளரே சொல்லிவிடுகிறார். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் இது கிடைக்காது.

கபடியைப் பெரிய சேனல்கள் எடுத்துக்கொண்டது 2014 ஜூலையில். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)